தரம் 7இற்கும் தரம் 10இற்கும் இடையில்: மட்டக்களப்பு மாவட்டக் கல்வி, சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர்கள், அதிபர்கள், சுகாதார வைத்திய அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிற ஆசிரியை. மாதவிடாய் தவறிப்போகிற, கண்டபடி வருகிற, வரவேண்டிய வயது கடந்தும் வராமலே இருக்கிற எங்கள் பெண்பிள்ளைகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று ஐந்து வலயங்களிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. அதனால் உங்கள் கோவைகளில் அவர்கள் இல்லை.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளுக்கு நடக்கிறது. பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளில் எல்லா வகுப்பையும் பார்ப்பதுண்டு, மற்ற இடங்களில் இந்த நான்கும்தான். தரம் 7 பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. சிலர் அப்போது பெரிய பிள்ளையாகியிருப்பார்கள், சிலர் ஆகப்போகிறவர்கள். அடுத்த பரிசோதனை தரம் 10இல், பதினைந்து வயதில். மாதவிடாய் தொடங்கி, தட்டுத்தடுமாறி, ஓர் ஒழுங்குக்கு வருகிற காலம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த மூன்று வருடத்துக்குள்தான் வருகிறது. அந்த மூன்று வருடமும் பார்ப்பாரில்லை.

பரிசோதனை நாளிலும் நடப்பது இதுதான். மண்டபத்தில் வரிசை. நிறை, உயரம், கண், பல், தலை. அடுத்த வரிசையில் ஆண்பிள்ளைகள் நிற்பார்கள். "பெரிய பிள்ளையாகிட்டீங்களா?" என்று கேட்டால் பிள்ளை கீழே பார்த்துத் தலையாட்டும். ஒரு சரி அடையாளம் விழும். அவ்வளவுதான். நாற்பது, ஐம்பது பிள்ளைகளை ஒரு காலையில் பார்த்து முடிக்க வேண்டியவர்களின் சிரமம் எனக்குத் தெரியும், அவர்களில் குறை காணவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்கிற இடத்தில் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

வீட்டிலும் அப்படித்தான். முதல் தடவை வந்தபோது மாமிமார் வந்து தண்ணி வார்க்கிறார்கள். உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்கிறார்கள். பிள்ளையை இருத்திச் சாப்பிட வைத்து, சொந்தமெல்லாம் வந்து வாழ்த்துவது நல்ல விசயம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு, இரண்டாவது எப்போது வந்தது, மூன்றாவது வந்ததா என்று கேட்கத்தான் ஆளில்லை. தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போய், அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அம்மம்மாவிடம் சொல்ல வெட்கம். வாட்ஸ்அப்பில் தாயிடம் சொன்னால் அங்கே அவர் நித்திரை இல்லாமல் கிடப்பார் என்று பயம்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தரம் 9இல் இருந்தாள். முதல் பாடத்திலேயே மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுவாள். சோம்பேறி என்று பெயர் எடுத்திருந்தாள். ஒருநாள் தன் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினாள். மூலையில் பென்சிலால், மற்றவர்கள் கண்டுகொள்ளாத அளவுக்குச் சின்னதாக, மூன்று திகதிகள்: ஜனவரி 9, பெப்ரவரி 21, மார்ச் 30. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவள் காட்டியது ஜூலை நடுப்பகுதியில். முதல் இரண்டு இடைவெளிகள் 43 நாள், 37 நாள். அந்த வயதுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு நூறு நாளுக்கு மேல் வெறுமை.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்னைத்தான் பிழையா நினைப்பாங்க டீச்சர்" என்றாள்.

அவள் சொன்னது சரி. பக்கத்து வீட்டுப் பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அம்மம்மாவோடு பேசப் போனபோது அந்த மனுசி, "புள்ள எந்த நேரமும் படுக்கையாத்தான் கிடக்கா, சாப்பாடும் இறங்குதில்ல, ஆனா உடம்பு மட்டும் ஊதிக்கிட்டுப் போகுது" என்றார். வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைரொயிட் சுரப்புக் குறைவு. தூக்கம், சோர்வு, உடம்பு ஊதுதல், மாதவிடாய் நின்றது எல்லாம் அந்த ஒன்றால் வந்தவை. காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின் குளிசை ஒன்று, அவ்வளவுதான் வைத்தியம். சில மாதங்களில் கொப்பியில் மறுபடி திகதிகள் விழுந்தன. மூன்று மாதம் அந்தப் பிள்ளையின் நடத்தையைப் பற்றி ஊர் பேசியது. அவளுடைய கழுத்தில் இருக்கிற சுரப்பியைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

மாதவிடாய் தவறினால் முதலில் சந்தேகம், அதன் பிறகு அதட்டல், அதற்குப் பிறகுதான் வைத்தியசாலை என்ற வரிசையை மாற்றுவதற்குத்தான் உங்களிடம் வருகிறேன். அதட்டல் வரும் என்று தெரிந்த பிள்ளை மறைக்கும். மறைத்தால் தைரொயிட்டும் தெரியாது, இரத்தசோகையும் தெரியாது. உண்மையிலேயே கர்ப்பமான பிள்ளையும் நாள் கடந்த பிறகுதான் வைத்தியசாலைக்கு வரும். இந்தக் கடைசி விசயத்தையும் ஒளிக்காமல் பேச வேண்டும். மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும் வைத்தியர்கள் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பமா என்று பார்ப்பது வழக்கம். வயது, குணம் பார்த்துச் செய்வதில்லை, எல்லாருக்கும் செய்வது. அதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே அமைதியாகச் சொல்லிவிட்டால் அவமானமாகத் தெரியாது. அப்படி ஒரு பிள்ளை கர்ப்பமாக இருந்தால், பதினாறு வயதுக்குக் கீழ் என்றால், சட்டப்படி குற்றம் செய்தவர் வேறொருவர். அந்தப் பிள்ளைக்குத் தேவை பாதுகாப்பு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை ஒவ்வொரு பாடசாலைச் சுவரிலும் எழுதி வைக்கலாம், அது இலவச அழைப்பு.

எது சாதாரணம், எதைக் காட்ட வேண்டும் என்று ஆசிரியர்களுக்கே தெளிவில்லாமல் இருப்பதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாங்கள் கரும்பலகையில் வரைகிற மாதவிடாய்ச் சக்கரம் 28 நாளுக்கானது. அதைப் பார்த்து, தனக்கு 40 நாளில் வந்தால் ஏதோ நோய் என்று பயந்து அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரிய பிள்ளையாகி முதல் ஒன்றிரண்டு வருடத்தில் மூளையின் பரிவகக்கீழ், கபச்சுரப்பி, சூலகம் மூன்றுக்கும் இடையில் ஓமோன் ஒழுங்கு இன்னும் முதிரவில்லை. பல மாதங்களில் சூலகம் முட்டையே விடாது. அதனால் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம், ஏழு நாள் வரை இரத்தம் போகலாம். மூன்றாவது வருடமளவில் அதிகமான பிள்ளைகளுக்கு அது 21 முதல் 35 நாளுக்குள் வந்து நிற்கும்.

ஒரு தடவை என்றாலும் 90 நாள் கடந்து வரவில்லை என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பதினைந்து வயதாகியும் பெரிய பிள்ளையாகவில்லை என்றால் காட்ட வேண்டும். மார்பு வளரத் தொடங்கி மூன்று வருடமாகியும் வரவில்லை என்றாலும், பதின்மூன்று வயதில் மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை என்றாலும் அப்படித்தான். மாதா மாதம் அடிவயிற்று வலி வருகிறது, இரத்தம் மட்டும் வருவதில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் வாயு என்று ஓமத் தண்ணி கொடுத்து விடாதீர்கள். கன்னிச்சவ்வில் திறப்பில்லாமல் இரத்தம் உள்ளேயே தேங்கும் பிள்ளைகள் உண்டு, ஒரு சின்னச் சத்திரசிகிச்சையில் சரியாகிவிடும். அதே மாதிரி, ஏழு நாளுக்கு மேல் போகிறது, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் சுகாதாரத் துவாய் நனைந்துவிடுகிறது என்றால் அதுவும் காட்ட வேண்டியதே. முதல் மாதத்திலிருந்தே அப்படிக் கொட்டுகிற பிள்ளைகளில் சிலருக்கு இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கும். பல் பிடுங்கினாலும் இலேசில் நிற்காது.

அமெரிக்காவின் மகப்பேற்று, பெண்ணோயியல் வைத்தியர்களின் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆலோசனையில், இந்த வயதுப் பிள்ளைகளின் மாதவிடாயை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் போன்ற ஓர் உயிர்நிலைக் குறியாக எடுத்து ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்கிறது. காய்ச்சலா என்று கேட்க நாங்கள் கூச்சப்படுவதில்லையே. அதே குரலில் இதையும் கேட்கலாம்.

அப்புறம் சாப்பாடு. இதை உடற்கல்வி ஆசிரியையாகவே சொல்கிறேன். விடிய ஆறு மணிக்கு டியூசன், ஒரு பிளேன்டீ, அங்கிருந்து நேரே பாடசாலை, இடைவேளைக்கு ஒரு பணிஸ், பின்னேரம் மறுபடி டியூசன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வீடுகளில் முட்டையும் மீனும் கிழமையில் ஒரு நாள் சாமான் ஆகிவிட்டன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செலவழிக்கிற சக்திக்கு ஈடாகச் சாப்பாடு போகாவிட்டால் மூளை முதலில் நிறுத்துகிற வேலைகளில் ஒன்று மாதவிடாய். பரீட்சைப் பயம், வீட்டில் குடி, சண்டை எல்லாம் அதே இடத்தைத்தான் தாக்கும். ஓட்டப் பயிற்சிக்கும் கரப்பந்துக்கும் வருகிற என் பிள்ளைகளில் இது இன்னும் கூடுதல். பீரியட்ஸ் நின்றால் பயிற்சி நன்றாகப் போகிறது என்று நினைக்கிற பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அது ஆபத்தான நினைப்பு. ஈஸ்திரோசன் என்ற பெண் ஓமோன் குறைந்தால் எலும்பில் கல்சியம் சேராது. ஒரு பெண்ணின் எலும்பு தன் ஆயுளுக்குச் சேர்த்துக்கொள்கிற காலமே இந்தப் பத்து முதல் இருபது வயதுதான். மாகாண மட்டத்துக்குப் போகிற பிள்ளைக்குக் காலணி தேடுகிற அளவுக்கு அதன் காலைச் சாப்பாட்டையும் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வைகாசி பிறந்தால் எங்கள் ஊர்களில் கண்ணகி அம்மன் சடங்கு. ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை, மாமாங்கத் தீர்த்தம். அந்த மாதங்களில் பாமசிக்குப் போய் நாள் தள்ளிப்போடும் குளிசை கேட்டால் சில இடங்களில் வைத்தியரின் துண்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் தாயோ பெரியம்மாவோ வாங்கிக் கொடுக்கிறார். அது நோரெதிஸ்டெரோன் என்ற ஓமோன் குளிசை. வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி, ஒரு நாளைக்கு மூன்று தடவை குடித்து, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இரத்தம் வரும் என்பது அதன் கணக்கு. நாள் ஒழுங்கில்லாத பிள்ளைக்கு வரவேண்டிய நாள் எது? யாருக்கும் தெரியாது. ஒரு குத்துமதிப்பில் பத்து நாள், பதினைந்து நாள் குடிக்கிறார்கள். பிறகு வருவது எது, நின்றது எது என்று வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. இரத்தம் கட்டுகிற நோய் குடும்பத்தில் இருக்கிறதா, கடுமையான ஒற்றைத் தலையிடி உண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை. கோயில் வழமையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, அது வேறு பேச்சு. வைத்தியரின் துண்டு இல்லாமல் பாடசாலை வயதுப் பிள்ளைக்கு அந்தக் குளிசை போகக் கூடாது. சடங்குக் காலத்துக்கு முன்பு சுகாதார வைத்திய அதிகாரிகள் பாமசிக்காரர்களிடம் இதை ஒரு தடவை நேரில் சொன்னால் பெரிய உதவி.

ஓமோன் குழப்பத்தால் சூலகம் ஒழுங்காக முட்டை விடாத நோய்க்குரிய பிசிஓஎஸ் என்ற பெயர் இப்போது எல்லார் வாயிலும். முகப்பரு, முகத்தில் தடித்த முடி, கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடித்தல், நாள் தள்ளிப்போதல் எல்லாம் சேர்ந்து வந்தால் வைத்தியர் அதைத் தேடுவார், தேடவும் வேண்டும். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தனியாரிடம் ஒரு ஸ்கான் எடுத்து, "சூலகத்தில் கட்டி, பிள்ளை பிறக்காது" என்று வீட்டில் ஒப்பாரி வைக்கிறதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய பிள்ளையாகி எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கானை வைத்து அந்த நோய் என்று முடிவு செய்யக் கூடாது என்பது 2018இன் சர்வதேச வழிகாட்டல், 2023இலும் இளவயதினருக்கு ஸ்கான் வேண்டாம் என்றே சொன்னார்கள். இந்த வயதுச் சூலகத்தில் பல சின்ன முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. அந்த நோய் உண்மையிலேயே இருந்தாலும் பயப்படத் தேவையில்லை, பிசிஓஎஸ் உள்ள எத்தனையோ பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். கலியாணம் கட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பதும் அந்த ஒப்பாரியின் தொடர்ச்சியாகத்தான் வருகிறது. கலியாணம் எந்த ஓமோனையும் திருத்தாது.

நாள் ஒழுங்கில்லாத பிள்ளையின் ஒரு பாடசாலை நாளை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சீருடை. எப்போது வரும் என்று தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும், இறைவணக்கத்துக்கு வரிசையில் நிற்கும்போதும், எழும்பி விடை சொல்லும்போதும் பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அந்தப் பயத்திலேயே கிழமைக்கணக்கில் துவாய் கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மலசலகூடத்தில் கொண்டி இல்லை, வாளி இல்லை, வரட்சிக் காலத்தில் தண்ணியும் இல்லை. 2024இல் மாணவிகளுக்குத் துவாய் வாங்க வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் திடீரென்று வகுப்பில் வந்துவிட்ட பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் வவுச்சர் உதவாது. பெண் ஆசிரியை ஒருவரின் அலுமாரியில் ஒரு பக்கெட் துவாயும், மாற்றிக்கொள்ள ஒரு பாவாடையும் இருந்தால் அந்தப் பிள்ளை பதினொரு மணிக்கு வீட்டுக்கு ஓடத் தேவையில்லை.

இனி நான் கேட்க வந்தது. தரம் 8, 9 பிள்ளைகளையும் சேர்த்து, தவணைக்கு ஒரு தடவை, பெண்பிள்ளைகளைத் தனித்தனியாக, கதவு சாத்திய அறையில், ஒரு பெண் சந்திக்க வேண்டும். கேட்க வேண்டியது கொஞ்சம்தான்: கடைசியாக வந்த திகதி என்ன, எத்தனை நாள் போனது, துவாய் எவ்வளவு நேரத்தில் நனைகிறது, காலையில் என்ன சாப்பிட்டாய். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பாடசாலைக்கு அடிக்கடி வந்து போகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பெரும்பாலும் ஆண். குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைப்) பெண், ஊரில் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். ஆனால் அதனாலேயே பிள்ளைகள் அவரிடம் தயங்குகிறார்கள். மிட்வைப் அன்ரிக்குச் சொன்னால் அம்மம்மாவின் காதுக்குப் போகும் என்பது அவர்கள் பயம். ஆகவே ஒரு பிரிவின் உத்தியோகத்தரை அடுத்த பிரிவின் பாடசாலைக்கு அனுப்பினால் நல்லது. சொன்னது வெளியே போகாது என்று முதலில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், போகாமலும் இருக்க வேண்டும். உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும், பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளிடம் போகலாம்.

இது முடியாத காரியம் இல்லை. தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி தடுப்பூசி 2017இலிருந்து போடுகிறீர்கள். பெற்றோரின் சம்மதம் வாங்கி, விளக்கம் கொடுத்து, பாடசாலைக்கு வந்து, ஒழுங்காகச் செய்கிறீர்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றித் தாய்மாரிடம் பேச முடிந்தவர்களுக்கு மாதவிடாய் பற்றிப் பேசுவது கடினமாக இருக்காது.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதில் ஒரு வசதி இருக்கிறது. நோன்பு மாதத்தில் மாதவிடாய் நாட்களில் விட்ட நோன்புகளைப் பிறகு கழாச் செய்ய, அதாவது ஈடாகப் பிடிக்க, வேண்டும் என்பதால் அவர்கள் நாள் கணக்கு வைத்துப் பழகியவர்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் எழுதப் பழக்கலாம், எனது வகுப்புகளில் செய்து வருகிறேன். எப்போது வந்தது என்று வைத்தியர் கேட்கும்போது பிள்ளை விழிக்காமல் பதில் சொல்ல அது ஒன்றே போதும்.

இளையோருக்கென்றே சுகாதாரத் திணைக்களம் நடத்துகிற யொவுன் பியச நிலையம் எங்கள் ஊருக்குக் கிட்டத்தில் எது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு பாடசாலை அறிவித்தல் பலகைக்கும் ஒரு தாள் அனுப்புங்கள். வெல்லாவெளியிலிருந்தோ கிரானின் உட்கிராமத்திலிருந்தோ ஒரு பிள்ளை பஸ் பிடித்து வந்து, இன்று இல்லை என்று திரும்பிப் போகக் கூடாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் தாயோ தகப்பனோ கூட வருகிறார்கள்.

அதிபர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆணாக இருந்தால் இதில் தலையிடக் கூச்சமாக இருக்கும், விளங்குகிறது. நீங்கள் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. ஓர் அறையை ஒதுக்கி, கொண்டி போட்டு, சாவியைப் பொறுப்பான ஆசிரியையிடம் கொடுத்தால் போதும். இதற்கென்று அட்டவணையில் ஒரு பாட நேரத்தையும் விடுங்கள். சுகாதாரப் பாடத்தில் இந்த அலகு வரும்போது "வீட்டில் வாசிச்சுப் பாருங்கோ" என்று கடந்து போகிற வழக்கத்தை என் சக ஆசிரியர்களும் விட வேண்டும். ஆண்பிள்ளைகளும் வகுப்பில் இருக்கட்டும். நாளைக்குத் தகப்பனாகவும் அண்ணனாகவும் பஸ் கொண்டக்டராகவும் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்.

அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். எல்லாப் பாடசாலையிலும் உடனே முடியாது என்றால் எங்கள் வலயத்தில் இரண்டு, மூன்று பாடசாலைகளில் பார்த்துவிட்டு மற்றதைத் தீர்மானியுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வைத்திய அதிகாரிகள் பார்த்துத் திருத்தித் தந்தால் தமிழில் தட்டச்சு செய்து பிரதி எடுத்துக் கொடுக்கும் செலவை நானும் சில ஆசிரியைகளும் ஏற்கிறோம். கூட்டம் வைத்தால் எந்த நாளும் வருவோம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஓர் ஆசிரியை